கத்தி டெக்கும் பேச்சு டெக்கும்

அன்புள்ள வாணி,

உன் மெயில் பாத்தேன்டி. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதுக்கு அப்புறம்தான் நிம்மதியாச்சு, பிசியோவுக்கு மட்டும் டிமிக்கி குடுக்க விடாதே. இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவன் ஹாஸ்டல் போய்ட்டான், சின்னவ பத்து மணிக்கெல்லாம் தூங்கிடுவா, அதுக்கு மேலதான் நான் கிரிஃப்ட்லேண்ட்ஸ் எடுப்பேன், அதான் சண்டைக்கு ஒரு கார்டு கட்டு, பேச்சுக்கு இன்னொரு கட்டுன்னு ரெண்டு டெக் வச்சு ஆடுற நம்ம கம்ப்யூட்டர் கேம். கொலை, சாராயம், கடனுக்கு ஆள விக்கிறதுன்னு போற கதை, பிள்ளைங்க முன்னாடி வச்சு ஆட முடியாது.

நீ கேட்டதுக்கு வரேன். சண்டை டெக் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் மூணாவது நாள்லயே செத்துப் போறேன்னு கேட்டிருந்தே. ஸ்கிரீன்ஷாட் பாத்தேன், டெக் நெஜமாவே நல்லாதான் இருக்கு, ரத்தம் கசிய வைக்கிற கார்டு இருக்கு, காம்போங்கற புள்ளிய ஏத்துற கார்டு இருக்கு, அந்தப் புள்ளிய மொத்தமா செலவழிச்சு அடிக்கிற ஃபினிஷர் கார்டும் இருக்கு. ஆனா உன்ன வெறுக்குறவங்க லிஸ்ட்ட பாத்தியா? அது ரொம்ப நீளமா போகுதுடி. ஒவ்வொரு வெறுப்புக்கும் ஒரு சாபம் உன் தலையில உக்காந்திருக்கு, அதுங்க எல்லாம் சேந்துதான் உன்ன சாய்க்குது, டெக் இல்ல.

நாம ரெண்டு பேரும் 2019ல ஸ்லே தி ஸ்பையர்ங்கற கார்டு கேம் மேல கிறுக்கா திரிஞ்சோமே, அதுல ஒரு எதிரிய அடிச்சு முடிச்சா அவன் கதை அங்கயே முடிஞ்சுது. க்ளெய் கம்பெனிக்காரங்க 2021ல முழுசா ரிலீஸ் பண்ண இந்த கேம்ல அப்டி கிடையாது. இங்க எதிரில நிக்கிறவனுக்கு பேர் இருக்கு, கூட்டாளி இருக்கு. அடி தாங்க முடியாம பயந்துபோய் ஆயுதத்த கீழ போட்டு சரண்டர் ஆவான், அப்போ அவன விடுறதா முடிக்கிறதான்னு கேம் நம்மகிட்டதான் விடும். விட்டா அவன் நம்ம மேல காண்டாவே அலைவான், கொன்னா அவனோட ஆளுங்க நம்மள வெறுப்பாங்க. நீ எல்லாரையும் முடிச்சுக்கிட்டே வந்திருக்கே, அதான்.

கொல்லாதேன்னு சொல்லலடி. கொல்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாரு. அவன் உயிரோட இருந்து வெறுத்தா என்ன சாபம் வரும், செத்தா யாரோட அன்பு போகும். எனக்கு போன ரன்ல, அதாவது போன ஆட்டத்துல, ஒரு காவக்காரன் சரண்டர் ஆனான், அவனோட சாபம் சண்டையில கொஞ்சம் தொந்தரவு, அவ்ளோதான், ஆனா அவனோட சிநேகிதி ஒரு கடைக்காரி, அவளுக்கு என்ன ரொம்பப் புடிக்கும், அந்தப் பிரியத்தால வர்ற பலன வச்சுதான் என் பேச்சு டெக்கே ஓடிட்டிருந்துச்சு. காவக்காரன விட்டுட்டேன். வேற ஒருத்தன், அவன் சாபம் தாங்கவே முடியாதது, அவனுக்குன்னு அழ நமக்கு வேண்டியவங்க யாரும் இல்ல, அவன முடிச்சேன், சாபமும் அவனோடயே போச்சு.

அடுத்தது, பேச்சு டெக்க நீ சும்மா போட்டு வச்சிருக்கே. இந்த கேமோட உசிரே அந்த ரெண்டாவது டெக்தான்டி! சண்டையில மாதிரியே அதுலயும் ஒரு டர்னுக்கு மூணு ஆக்‌ஷன், அஞ்சு கார்டு, உயிருக்கு பதிலா மனவுறுதி. நாம ஆடுற கதாநாயகி சாலுக்கு நயமா பேசுற பச்சை கார்டும் மிரட்டுற சிவப்பு கார்டும் வரும், ரெண்டையும் சரிபாதியா கலந்துட்டா எதுவும் உருப்படாது, ஏன்னா இன்ஃப்ளுயன்ஸ் ஏத்துனா பச்சைதான் பலமாகும், டாமினன்ஸ் ஏத்துனா சிவப்புதான். ஏதாவது ஒண்ண முதல் நாளே முடிவு பண்ணு. எதிராளி நடுவுல ஒரு மெயின் வாதம் வச்சிருப்பான், பக்கத்துல குட்டி குட்டியா வாதம் முளைக்கும், நீ எப்பவும் நடுவுலயே அடிச்சுட்டிருப்பேன்னு நினைக்கிறேன், வேண்டாம், டர்னுக்கு டர்ன் வளர்ற குட்டி எதுன்னு பாத்து அத முதல்ல உடை. பேச்சுல ஜெயிச்சா பல சண்டை நடக்காமலே போயிடும், இல்லன்னா கூட நிக்க ஒரு ஆளாவது கெடைக்கும். பேச்சுல தோத்தாலும் சாவு இல்ல, அதனால பயப்படாம அங்க ரிஸ்க் எடு.

கார்டு குடுக்கும்போதெல்லாம் வாங்கிக்காதே. கார்டு ஆட ஆடத்தான் அனுபவம் ஏறி அப்கிரேட் ஆகுது, டெக் பெருத்தா எந்தக் கார்டும் நெறைய தடவ கைக்கு வராது, ஒண்ணும் தேறாது.

எனக்கு இந்த கேம் மேல இவ்ளோ பாசம் ஏன்னு கேட்டியே. சால் யாருடி? அப்பா அம்மா பட்ட கடனுக்காக காஷியோங்கறவ வித்துட்ட பொண்ணு, வருஷக்கணக்கா அடிமையா உழைச்சுட்டு அந்தக் காஷியோவ பழிவாங்க மர்டர் பேங்கற ஊருக்கு திரும்பி வர்றவ. அவ கையில கத்தியோட நிக்கிறா, முன்னாடி ஒருத்தன் கைய தூக்கிட்டு நிக்கிறான், அவனும் யாருக்கோ கூலிக்கு அடிக்க வந்தவன்தான். அந்த இடத்துல என் கை மவுஸ் மேல அப்டியே நிக்கும். கணக்கும் போடுறேன், மனசும் வலிக்குது, வேற எந்த கார்டு கேமும் எனக்கு இத பண்ணல.

இந்த கேம்ல ஆடக்கூடிய மத்த ரெண்டு பேரான ரூக்கையும் ஸ்மித்தையும் இப்போ தொடாதே, சாலோட கதைய ஒரு தடவ காஷியோ வரைக்கும் கொண்டு போ. அடுத்த ரன்ல நீ ஸ்ப்ரீங்கற கொள்ளைக் கூட்டத்தோட நாடன் பக்கமா, இல்ல அட்மிரல்டிங்கற அதிகாரப் படையோட ஊலோ பக்கமா? எந்தக் கலர் கார்டு எடுக்கப்போறேங்கறதையும் சேத்து எழுது, டெக் லிஸ்ட் பாத்துட்டு சொல்றேன்.

அன்புடன்,
மாலா