நாங்கள் வாயடைத்து நிற்கவில்லை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரிய அனிமேஷன் ஸ்டூடியோ ஒன்றை, நிறுவனம் எதையும் சாராமல் படம் செய்யும் தனிக் கலைஞர்கள் சிலர் போய்ப் பார்த்து வந்தது பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். போனவர்களில் நானும் ஒருத்தி. ‘உண்மையான அனிமேஷன் எப்படி உருவாகிறது என்பதை முதன்முறையாகக் கண்டு வாயடைத்து நின்றார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

அப்படியென்றால் இதுநாள்வரை நாங்கள் செய்துவந்தது என்ன ஐயா? வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள், திரையில் ஓட வேண்டும். ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் ஒரு நிமிடப் படத்துக்கு 720 ஓவியங்கள் வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அங்கே காட்சியை அமைக்கும் லேஅவுட், உருவங்களை அசைக்க எலும்புக்கூடு பொருத்தும் ரிக்கிங், ஒளியூட்டும் லைட்டிங், எல்லா அடுக்குகளையும் ஒன்றுசேர்க்கும் காம்போசிட்டிங் என்று துறை துறையாகப் பிரித்துச் செய்கிறார்கள். எங்களில் பலருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். பணத்துக்கு அலைவதும் அதே ஆள்தான்.

வாசலில் ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கினார்கள், செல்போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் படங்களைப் போட்டுப் பார்க்க நிகழ்ச்சி நிரலில் கால் மணி நேரம்கூட ஒதுக்கவில்லையே, அதுதான் வருத்தம்.

கட்டுரையில் வராத ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டூடியோவின் நடைவழியில் எதிர்ப்பட்ட மூத்த அனிமேட்டர் ஒருவர், என் டேப்லெட்டில் ஓடிய காட்சியைப் பார்த்து நின்றுவிட்டார். ஒரு கிழவி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் காட்சி. “முழங்காலில் கை வைத்ததும் ஏன் இவ்வளவு நேரம் நிறுத்தினீர்கள்?” என்று கேட்டார். எழுவதற்கு முன்பே வலி வந்துவிடும், அதை அவள் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். உடனே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். “தலை இன்னும் கொஞ்சம் முன்னால் வரணும்” என்றார். அவர் சொன்னது சரி, திருத்திவிட்டேன். அதற்குள் அழைத்துப்போனவர் நேரமாகிவிட்டது என்று எங்களை நகர்த்திவிட்டார். அன்று நடந்தவற்றில் எழுதத் தகுந்தது அது ஒன்றுதான். இரண்டு தொழிலாளிகள் பேசிக்கொண்டோம். அதில் வாயடைத்து நின்றவர் யாருமில்லை.

இது இன்று தொடங்கிய வருத்தமும் அல்ல. பெரிய நிறுவனப் படம் வந்தால் வசூல் கணக்கோடு நான்கு பக்கம். தனியாள் செய்த குறும்படத்துக்கு மூலையில் நாலு வரி, அதிலும் ‘முயற்சி’ என்ற சொல் தவறாமல் வந்துவிடும். ஜெர்மனியின் லோட்டே ராய்னிகர் கத்தரிக்கோலால் நிழலுருவங்களை வெட்டி, ஒரு சிறு குழுவோடு முழுநீளப் படத்தை முடித்தது 1926-இல். டிஸ்னியின் முதல் முழுநீளப் படம் வந்தது 1937-இல். லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் 2019-இல் ஒரு முழுநீளப் படத்தைத் தன்னந்தனியாகச் செய்தார். அடுத்து, யாரும் இலவசமாகப் பெறக்கூடிய பிளெண்டர் மென்பொருளில் ஒரு சிறு குழுவோடு அவர் எடுத்த ‘ஃப்ளோ’, பெரிய ஸ்டூடியோக்களின் படங்களோடு போட்டியிட்டு 2025-இல் ஆஸ்கர் வென்றது. இதையெல்லாம் அறிந்த தங்கள் பத்திரிகையிலேயே ‘உண்மையான அனிமேஷன்’ என்று வந்ததால்தான் இவ்வளவு வலிக்கிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. கட்டுரையின் தலைப்பில் மழையில் நனையும் நாயின் படத்தை அச்சிட்டு, கீழே ஸ்டூடியோவின் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அது எங்களுடன் வந்த நண்பரின் குறும்படத்தில் வரும் ஃபிரேம். அவர் தன் கையால் வரைந்தது. அவர் பெயரையும் படத்தின் பெயரையும் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள்; கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி