காந்தத்தின் ஓரம்

கோவை

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், மன்னித்துவிடு. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏறுகிறார். 

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மனசு சரியில்லை, உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

திருப்பூர் தையல் மிஷினுக்கு மோட்டார் செய்கிறோம் என்றேனே, பெல்ட் இல்லாமல் நேராக ஷாஃப்டில் உட்காருவது. நிற்கும் பாகத்தில் காயில் சுற்ற 12 பள்ளம் (ஸ்லாட்), சுற்றும் பாகமான ரோட்டரில் 8 காந்தத் துருவம் (போல்). முதலில் காந்தம் முழுக்க ஒரே 3 மி.மீ. கனம்தான். கரண்ட் கொடுக்காமல் கையால் திருப்பினாலே ஒரு சுற்றுக்கு 24 இடத்தில் கடக் கடக் என்று பிடிக்கும். 12க்கும் 8க்கும் மீச்சிறு பொது மடங்கு 24 அல்லவா, அந்தக் கணக்கு. வேகமாக ஓடும்போது தெரியாது. காலர் மூலையில் ஒவ்வொரு தையலாகப் போடும்போதுதான் தெரியும். "ஊசி தயங்கித் தயங்கிப் போகுதுங்க தம்பி" என்றார் அங்கே தைக்கிற அக்கா ஒருவர். மூன்று மாதம் அந்த வார்த்தையைத்தான் தலையில் சுமந்தேன்.

மருந்து உனக்கும் தெரிந்ததுதான். காந்தத்தின் நடுவைக் கனமாக விட்டு, ஓரங்களை இழைத்து, பன் ரொட்டி மாதிரி முதுகை வளைக்க வேண்டும். ரோட்டருக்கும் காயிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் காந்தப்புலம், சீராக ஏறி இறங்கும் சைன் அலைக்குப் பக்கத்தில் வந்துவிடும், பிடிப்பும் குறையும். எவ்வளவு வளைப்பது, போலுக்கு எத்தனை டிகிரி அகலம் விடுவது என்பதுதான் கேள்வி. காந்தப்புலத்தைக் கணக்கிடும் ஃபெம் மென்பொருளில் மாதிரி போட்டு, பல வடிவங்களைக் கலந்து கலந்து நல்லதைத் தேடும் ஜெனடிக் அல்காரிதத்தை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். பிடிப்பு குறையணும், டார்க், அதாவது சுழற்றும் விசை, 5 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. அவ்வளவுதான் கேட்டேன். ஓரத்தை 1.2 மி.மீ. வரைக்கும் இழைத்துக் கொடுத்தது. செய்து பார்த்தால், விரலால் திருப்பும்போது வெண்ணெய் மாதிரி சுற்றியது, மாப்ளே. அக்காவும் சிரித்துக்கொண்டே தைத்தார். 30 மோட்டார் அனுப்பினோம்.

மே மாதம் மூன்று திரும்பி வந்தன. இழுவை இல்லை, சூடாகிறது என்றார்கள். மோட்டாரின் ஷாஃப்டை டிரில்லிங் மெஷினில் மாட்டிச் சுற்றினால் காயிலில் வர வேண்டிய வோல்டேஜில் 8 சதவீதம் குறைவு. கழற்றி, காந்தப்புலத்தைக் கண்ணுக்குக் காட்டும் பச்சை ஃபிலிமை மேலே வைத்துப் பார்த்தேன். நடுவில் காந்தத்தின் தடம் அழுத்தமாக இருந்தது. ஓரத்தில், நான் ஆசை ஆசையாய் இழைத்த அதே இடத்தில், மங்கிக் கிடந்தது.

தடித்த துணி மடிப்பில் ஊசி மாட்டிக்கொள்ளும்போது கன்ட்ரோலர் கரண்டை அள்ளிக் கொட்டுகிறது. காயிலின் புலம் காந்தத்தின் ஓரத்தில் எதிர்த்து முட்டுகிறது. கனம் குறைந்த இடத்துக்கு அதைத் தாங்கச் சக்தி இல்லை. போதாததற்குத் தகரக் கூரை, கோடை, மூடின ஹவுசிங். நாங்கள் போட்டது சாதாரண 'N' கிரேடு காந்தம், 80 டிகிரிதான் அதன் எல்லை. கம்ப்யூட்டர் மேல் தப்பே இல்லை. காந்தம் உயிரோடு இருக்குமா என்று நான் அதைக் கேட்கவே இல்லையே.

150 டிகிரி தாங்கும் எஸ்ஹெச் கிரேடுக்குப் போகலாம்தான். ஆனால் 2025 ஏப்ரலில் சீனா, காந்தம் சூடு தாங்கச் சேர்க்கிற டிஸ்ப்ரோசியம் என்ற உலோகத்துக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து எங்களைப் போன்ற சின்ன பட்டறைக்கு அது கைக்கு எட்டவில்லை. அதனால் 120 டிகிரி ஹெச் கிரேடு எடுத்து, ஓரத்தை 2.1 மி.மீ.யில் நிறுத்திவிட்டேன். மிச்சப் பிடிப்புக்கு, ரோட்டரை நீளவாக்கில் இரண்டு துண்டாக்கி ஒன்றை 7.5 டிகிரி தள்ளி ஒட்டுகிறோம். ஒரு பாதி பிடிக்கும்போது மறுபாதி விடும். டார்க் இன்னும் கொஞ்சம் போகிறது, போகட்டும்.

அப்புறம், என் கவலை வேறு. வெளியே இன்னும் 27 மோட்டார் ஓடுகின்றன. வந்த மூன்றை மாற்றினால் போதும் என்கிறார் முதலாளி. எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த மோட்டார் ஒரே நாளில் சாகாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். தைக்கிறவர்களுக்கு பீஸ் ரேட் கூலி. மோட்டார் தளர்ந்தால் குறைகிறது அவர்கள் கூலி, திட்டு விழுவதும் அவர்களுக்குத்தான். 27ஐயும் திரும்ப வாங்கியே ஆகணும் என்று நேற்று சண்டையே போட்டேன். பாதி இறங்கி வந்திருக்கிறார்.

நீங்கள் செய்கிற கார் மோட்டாரில் காந்தத்தை இரும்புக்குள்ளே வி வடிவத்தில் புதைத்து வைத்திருக்கிறீர்கள், அதற்கு இந்தப் பாடு குறைவு. ஆனாலும் சூட்டில் காந்தம் செத்துப்போகிறதா என்று நீங்கள் சோதிக்காமல் விடமாட்டீர்கள். ரோட்டர் ஒவ்வொரு கோணத்தில் நிற்கும்போதும் பார்க்கிறீர்களா, மோசமான ஒரு நிலை மட்டும் போதுமா? அடுத்த ஞாயிறு ஊருக்கு வருகிறாய் என்று தங்கச்சி சொன்னாள். சாக்குச் சொல்லாமல் நேரே பட்டறைக்கு வா. காந்தப்புலம் அளக்கும் உன் காஸ் மீட்டரையும் கொண்டு வா, மெல்லிசு புரோப் உள்ளது. எங்களுடையது ஓரத்துக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்