சருகை விட்டுவையுங்கள்: நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பேட்டையின் நகர மன்றத்துக்கும் அதன் தோட்டப் பராமரிப்புப் பிரிவினருக்கும் வணக்கம்.

அக்டோபர் முதல் மார்ச் முடிய, அடுக்குமாடி புளோக்குகளைச் சுற்றியுள்ள புதர்களின் அடியில் விழும் சருகை அள்ளாமல் விட்டுவையுங்கள். பழம் பிடித்திருக்கும் செடிகளையும் மரங்களையும் அந்த மாதங்களில் மொட்டையடிக்காதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

சிங்கப்பூரில் நமக்குக் குளிர்காலம் இல்லை. ஆனால் சைபீரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் அது கடுமையாக உண்டு. அங்கே புழுபூச்சி அடங்கத் தொடங்கியதும் தெற்கே கிளம்பும் பறவைகள் புரட்டாசி வாக்கில் இங்கே வந்து சேர்கின்றன. சுங்கை பூலோ சதுப்புநிலத்தை எல்லாருக்கும் தெரியும். உள்ளான்களும் பவளக்காலிகளும் சேற்றில் இரை தேடுவதைக் காட்டப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகிறோம். 2002ல் அது இயற்கை வனப்பகுதியாக அறிவிக்கப்பட்டது, அதற்குக் காவல் இருக்கிறது. ஈப்பிடிப்பானுக்கும் கீச்சானுக்கும் சேறு எதற்கு? அவை மரமும் புதரும் தேடி இறங்குகின்றன. பல நேரம் அந்த இடம் கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு துண்டு நிலம்தான்.

பிடாடாரி பழைய மயானமாக மரம் மண்டிக் கிடந்த காலத்தில், வலசைப் பருவம் வந்தால் பறவை பார்ப்போர் அங்கேதான் கூடுவார்கள். இன்று அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள். 2024ல் பூங்காவும் திறந்தாயிற்று. வீடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், என் பிள்ளைகளுக்கும் வீடு வேண்டும். ஆனால் அப்படி ஓர் இடம் சுருங்கும்போது, அங்கே இறங்கிய பறவைகளுக்கு எங்களைப் போன்ற பழைய பேட்டைகளின் சின்னப் புதர்கள்தான் மிச்சம்.

போன நவம்பரில் எங்கள் புளோக்கின் பின்புறம் ஒரு கொடிக்கால் வாலாட்டி வந்தது. பழுப்பும் பச்சையும் கலந்த முதுகு, வெளிறிய மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது பக்கவாட்டில் அசைத்து அசைத்து நடக்கும். ஒரு சருகைப் புரட்டும், நிற்கும், எதையோ கவ்வும், அடுத்த சருகுக்குப் போகும். ஆளரவம் கேட்டால் மேலே ஒரு கிளைக்குப் பறந்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் அதே சருகுக்கு இறங்கி வரும். சருகுக்குள் மண்புழுவும் வண்டும் எறும்பும் சிலந்தியும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் பறந்து உடம்பில் கொழுப்பெல்லாம் கரைந்து வந்த பறவைக்கு அதுதான் சாப்பாடு.

அந்த வாரமே இலை ஊதும் இயந்திரம் வந்தது. சத்தம் ஓய்ந்தபோது புதரின் அடி வழித்துவிட்ட தரையாகக் கிடந்தது. சருகெல்லாம் கறுப்புப் பைகளில் போயிற்று. வாலாட்டியை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

வேலை செய்த தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை. "இந்தக் குருவி எங்க ஊர்த் தோப்புலயும் வரும்க்கா, பாத்திருக்கேன். ஆனா இலை கிடந்தா சூப்பர்வைசருக்குப் புகார் போயிடும்" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதை வெட்டுவது, எதை அள்ளுவது என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதுவது நீங்கள்.

நீங்கள் முதலில் கேட்கப்போவது கொசுவைப் பற்றித்தான். டெங்கியை நான் லேசாக எடுத்துக்கொள்பவள் அல்ல. ஏடிஸ் கொசு தேங்கிய தண்ணீரில் முட்டையிடுகிறது. வடிகால் வாயிலும் நடைபாதையிலும் கூரைத் தாழ்வாரத்திலும் சேரும் இலையைத் தினமும் அள்ளுங்கள். பிளாஸ்டிக் மூடி, கோப்பை எது கிடந்தாலும் விடாதீர்கள். புதரடியில் மண்ணோடு மண்ணாகப் பரவிக் கிடக்கும் சருகில் தண்ணீர் நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். பருவமழைக்கு முன் பட்ட கிளைகளை வெட்ட வேண்டியதும் சரிதான், ஆள் மேல் விழக்கூடிய கிளைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். வேலியைச் சதுரமாகச் செதுக்குவதையும் பழம் தொங்கும் ஆலங்கிளையைக் கழிப்பதையும் ஏப்ரலுக்குத் தள்ளிப்போட முடியாதா? குயிலும் கொண்டைக்குருவியும் மைனாக் கூட்டமும் ஓர் ஆலமரம் பழுத்தால் காலையிலிருந்து அங்கேயே கிடக்கும். தேன்பழ மரம் இருந்தால் பூக்கொத்திகள் வரும். இவற்றையே இன்னும் கொஞ்சம் நட்டால் என்ன?

என் தங்கை கனடாவில், டொரோண்டோவுக்கு அருகில் இருக்கிறாள். பனிக்காலத்தில் கொல்லையில் தீனித்தட்டுக் கட்டி, சூரியகாந்தி விதை போடுகிறாள். சிவப்புக் கார்டினல்கள் வந்து கொத்துகின்றன. பிப்ரவரியில் உலகமெங்கும் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் அவளும் எண்ணிப் பதிகிறாள். பனி மூடிய ஊரில் அது பறவைக்கு உதவும், சட்டமும் தடுப்பதில்லை. நம் ஊர்க் கதை வேறு. 2020 ஜூன் முதல் இங்கே காட்டுயிர்களுக்கு, புறாவுக்கும்கூட, தீனி போடுவது குற்றம். முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை. இந்தச் சட்டம் சரியென்றே நினைக்கிறேன். நாம் போடும் சோற்றுக்கும் ரொட்டிக்கும் புறாவும் காக்கையும் ஜாவா மைனாவும்தான் பெருகும். பூச்சி தின்னும் ஈப்பிடிப்பானுக்கு அதில் ஒரு பருக்கைகூடப் பயன்படாது.

ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்வது எளிதல்ல. மகாளய அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்காமல் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்கும் அத்தைக்கு, கீழ்த்தளத்தில் ஒட்டியிருக்கும் அபராத அறிவிப்பு பதிலாகாது. அவர் மனசில் இருப்பது முன்னோர் மேல் உள்ள பக்தி, அதை அவமதிக்கக் கூடாது. அறிவிப்போடு காரணத்தையும் நல்ல தமிழில் எழுதி வையுங்கள். குடியிருப்பாளர்கள் ஒரு பழமரம் நட இடம் கொடுங்கள். என் அத்தை முதல் ஆளாக வந்து குழி தோண்டுவார் என்று நம்புகிறேன். மரம் தருவதைப் பறவை தின்றால் எந்தச் சட்டமும் கேட்காது.

கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் பயணம் செய்கின்றன. விடியலில் களைத்து இறங்கும்போது கண்ணாடிச் சுவரில் தெரியும் மரத்தை நிஜ மரமென்று நம்பி மோதுகின்றன. நீலச்சிறகுப் பிட்டா, தமிழ்நாட்டு ஆறுமணிக்குருவியின் நெருங்கிய சொந்தம், இங்கே இப்படித்தான் அடிக்கடி செத்துக் கிடக்கிறது. புதிதாகக் கட்டும் இணைப்புப் பாதைகளில் கண்ணாடி வைத்தால் நெருக்கமாகப் புள்ளியோ கோடோ போட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். இங்கே தேசியப் பூங்காக் கழகமும் தொண்டூழியர்களைக் கொண்டு பூங்காப் பறவைகளை எண்ணுகிறது. எங்கள் பேட்டையில் ஒரே ஒரு புளோக்கின் பின்புறத்தை இந்த அக்டோபரிலிருந்து ஊதாமல், வெட்டாமல் விடுங்கள். பக்கத்துப் புளோக்கை வழக்கம்போலப் பராமரியுங்கள். பொங்கல் வாரத்தில் இரண்டு இடத்திலும் எண்ணி, கணக்கை எழுத்தில் தர அண்டைவீட்டார் சிலர் முன்வந்திருக்கிறோம். சருகைப் பற்றிப் புகார் வந்தால் எங்களிடம் அனுப்புங்கள், வீடு வீடாகப் போய் நாங்களே பேசுகிறோம். அடுத்த ஒப்பந்தத்தை எழுதும் அதிகாரி எண்ணும் நாளன்று எங்களோடு வந்து நின்றால் மிகவும் நல்லது.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்