பாப்பாவின் ஒத்த சொற்கள் நோட்டு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்பைவிடப் பரவாயில்லை. உன் சித்தி வந்து போன விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன். நுழைவுத் தேர்வுக்காகப் பாப்பா இங்கிலீஷ் ஒத்த சொற்கள் எழுதிவரும் நோட்டை நீ போட்டோ எடுத்து அனுப்பினாயே, அதை முழுவதும் படித்துவிட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் எழுதினால் கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுகிறாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

கையெழுத்து அப்படியே உன்னுடையது. 'பிரேவ்' என்பதற்கு நேரே கரேஜியஸ், வேலியன்ட், ஃபியர்லெஸ் என்று ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறாள். அப்பா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். நீயும் அந்த வயதில் இப்படித்தான் இருந்தாய். நுழைவுத் தேர்வு எழுதி நீ இடம் வாங்கிய அன்று அப்பா யாரிடமெல்லாம் சொன்னார் என்று உனக்கே தெரியும்.

ஆனால் நீ அவளுக்குப் பட்டியல் பட்டியலாக எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்கிறாய். அது எனக்குச் சரியாகப் படவில்லை. தேர்வில் பட்டியலையா கேட்கப்போகிறார்கள்? ஒரு சொல்லைக் கொடுத்து, கீழே நாலைந்து சொற்களைக் கொடுத்து, எது நெருங்கிய பொருள் என்று கேட்பார்கள். 'ஏன்ஷியன்ட்' என்று கொடுத்துவிட்டு மாடர்ன், மியூசியம், ஆங்ஷியஸ், ஓல்டு என்று வைப்பார்கள். மாடர்ன் எதிர்ச்சொல். அவசரத்தில், ஏதோ சம்பந்தம் இருக்கிறதே என்று குழந்தை அதைத்தான் முதலில் குறிக்கும். ஆங்ஷியஸ் எழுத்தைப் பார்த்தால் கூடப் பிறந்தது மாதிரி இருக்கும், பொருள் எங்கேயோ இருக்கும். மியூசியம் பெயர்ச்சொல், பெயரடையே இல்லை. இதையெல்லாம் தள்ளத் தெரிய வேண்டும். கொடுத்த சொல் இருந்த இடத்தில் விடையை வைத்து வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கச் சொல். வாக்கியம் பொருள் மாறாமல் நின்றால் விடை நிற்கும். 'ஏன்ஷியன்ட் டெம்பிள்' என்ற இடத்தில் 'மியூசியம் டெம்பிள்' என்று அவளே சொல்லிப் பார்த்தால் அவளே தள்ளிவிடுவாள்.

இரண்டாவது, எல்லா ஒத்த சொல்லும் ஒரே அளவு இல்லை. அவள் நோட்டில் அனாய்டு, ஆங்ரி, ஃபியூரியஸ் மூன்றும் ஒரே வரியில் நிற்கின்றன. அனாய்டு என்பது எரிச்சல். ஃபியூரியஸ் என்பது கண்மண் தெரியாத கோபம். ஸ்லிம், ஸ்கின்னி இரண்டும் ஒல்லிதான். ஒன்றைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள், இன்னொன்றைச் சொன்னால் முகம் சுருங்கும். 'பிரைட்' என்றால் வெளிச்சமும் உண்டு, புத்திசாலித்தனமும் உண்டு. எதைக் கேட்கிறார்கள் என்பது கீழே உள்ள விடைகளைப் பார்த்தால்தான் தெரியும். இதை ஒரு சாயங்காலம் நிதானமாகப் பேசினால் போதும், அவளுக்குப் பிடித்துவிடும். அவள் அப்படிப்பட்ட குழந்தை.

உனக்கு நன்னூல் ஞாபகம் இருக்கிறதா? 'சால உறுதவ நனிகூர் கழிமிகல்.' ஆறு சொல், ஆறுக்கும் மிகுதி என்று ஒரே பொருள். நீ அதைக் குதித்துக்கொண்டே சொல்வாய். ஆறும் ஒன்றுதான் என்றாலும் 'சாலச் சிறந்தது' என்போம், 'கழிச் சிறந்தது' என்று யாரும் சொல்வதில்லை. கழி என்றால் 'கழிபேருவகை' என்றுதான் வரும். இங்கிலீஷிலும் அதே கதைதான். மழைக்கு ஹெவி. மனிதன் டால், மலை ஹை. எது எதோடு சேரும் என்பது கேட்டுக் கேட்டு, படித்துப் படித்து வருவது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டை, அந்தக் காலத்து அகராதியை, மனப்பாடம் செய்யவில்லையா என்று நீ கேட்பாய். செய்தார்கள். அது பாட்டு, சந்தத்தோடு நாக்கில் உட்காரும். உன் பட்டியலில் சந்தம் ஏது?

அதனால் ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். ஒவ்வொன்றுக்கும் அவளே ஒரு வாக்கியம் எழுதட்டும். மறுநாள் நோட்டை மூடி வைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து சொல்லட்டும். மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் தன்னையே வைத்துச் சோதனை செய்து, படித்ததில் பெரும்பகுதி ஒரே நாளில் போய்விடுகிறது என்று 1885-லேயே எழுதியிருக்கிறார். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவுபடுத்திப் பார்ப்பதுதான் நிற்கும். வகுப்பில் நான் கண்ணால் பார்த்த உண்மை அது. ராத்திரி பத்து மணிக்கு மேல் புத்தகம் வேண்டாம். தூங்கினால்தான் படித்தது தங்கும்.

வாக்கியம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. நோட்டின் கடைசிப் பக்கங்களில் 'டயர்டு' என்று ஒரு வரிசை இருக்கிறது. அதற்கு மட்டும் பாப்பா தானாகவே வாக்கியம் எழுதியிருக்கிறாள். நீ கவனித்தாயோ என்னவோ. 'மை மதர் இஸ் வீரி.' 'மை மதர் இஸ் எக்ஸாஸ்டட்.' அதற்குக் கீழே 'க்வயட்' என்பதற்கு, 'அவர் ஹவுஸ் இஸ் சைலன்ட்.' மற்ற சொற்களுக்கெல்லாம் சிங்கம், ராஜா, கப்பல் என்று எழுதுகிற குழந்தை இந்த இடத்தில் உன்னை எழுதியிருக்கிறாள்.

இலக்கணம் சரியாகத்தான் இருக்கிறது. எக்ஸாஸ்டட் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு நீரை முழுவதும் இறைத்து எடுத்துவிடுவது என்று பொருள். படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

தமிழில் கேட்கிறேன். உனக்கு இருப்பது களைப்பா, அலுப்பா, சோர்வா? களைப்பு என்றால் வேலை செய்த உடம்புக்கு வருவது, படுத்தால் போய்விடும். அலுப்பு என்றால் கொஞ்ச நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வா. சோர்வு என்றால் எழுதிக்கொண்டிருக்காமல் நான் கிளம்பி வருகிறேன். போனில் கேட்டால் 'நல்லாயிருக்கேம்மா' என்பாய். மாப்பிள்ளையைக் கேட்டால் 'அவ பிஸி அத்தை' என்பார். அவருடைய வேலை விஷயம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் நீ உன் அண்ணனிடம்கூடப் பேசுவதில்லை என்று அவன் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. எங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வாய்?

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். இந்த இடம் கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டாலும் அவள் இந்தச் சொற்களையெல்லாம் தெரிந்த குழந்தைதான், அது எங்கேயும் போகாது. நீ வாங்கினாய் என்பதற்காக அவளும் வாங்கியே தீர வேண்டும் என்று இல்லை. தேர்வு அறையில் ஒரு சொல் தெரியவில்லை என்றால் அதிலேயே நிற்காமல் அடுத்ததற்குப் போகச் சொல். கடைசியில் நேரம் இருந்தால் திரும்பி வரட்டும். முந்தின நாள் புதிய சொல் ஒன்றும் வேண்டாம். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடு. அவளுக்கு மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்று. சாயங்காலம் அந்த ஐந்து சொல்லை இனி நான் போனில் பார்த்துக்கொள்கிறேன். சொல்லும் நான் கொடுக்கிறேன், வாக்கியமும் நானே திருத்துகிறேன். இங்கிலீஷ் ஆசிரியை இல்லை என்று பார்க்காதே, அகராதி இருக்கிறது, அப்பா இருக்கிறார். அந்த நேரத்தில் நீ சமையலறையிலோ லேப்டாப்பிலோ நிற்காமல் போய்ப் படு. இது உன் மேல் குறை சொல்வது ஆகாது. உன்னைப்போல் ஒரு பிள்ளையைக் கவனித்து வளர்க்கிற அம்மாவை நான் பார்த்ததில்லை. ஆனால் நீ என் பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கூப்பிடுகிறேன். பாப்பாவிடம் பேசி முடித்ததும் போனை உன்னிடம் கொடுக்கச் சொல்வேன். வேலை இருக்கிறது என்று சொல்லாமல் வாங்கிப் பேசு. களைப்பா, அலுப்பா, சோர்வா என்பதற்கு அன்றைக்கு எனக்குப் பதில் வேண்டும்.

அன்புடன்,
அம்மா