மஞ்சள் கட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

அன்றைக்குக் கோபமாகப் போனை வைத்துவிட்டாய். "எப்ப வருவேன்னு ஒரு தேதி சொல்ல முடியாதா உன்னால?" என்று கேட்டாயே, அப்போது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் தேதி எனக்கே தெரியாது அம்மா. மாதத்துக்கு ஒருமுறை ரோஸ்டர், அதாவது எங்கள் வேலை அட்டவணை வரும். அடுத்த மாதம் எந்த நாள் எங்கே இருப்பேன் என்பதை நானும் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இன்ன நாள் லீவு வேண்டும் என்று கேட்கலாம்; முன்னால் சேர்ந்தவர்களுக்குப் போக மிச்சம்தான் கிடைக்கும். பழைய கம்பெனியில் 11 வருடம் விமானம் ஓட்டினேனே, அந்தக் கணக்கு இங்கே செல்லாது. கம்பெனி மாறியதும் சீனியாரிட்டி பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. கேப்டனாக இருந்தவள் மறுபடி வலப்பக்க சீட்டில் கோ-பைலட். பள்ளி விடுமுறை நாட்களை எல்லாம் என்னைவிட ஒன்பது வயது சின்னவன் ஒருவன் வாங்கிக்கொண்டு போகிறான். அவனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை!

28 நாளில் 100 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம் இருப்பதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். "நான் ரெண்டே வாரத்துல அவ்வளவு உழைச்சேன்" என்றார். விமானம் கிளம்ப நகர்வதிலிருந்து வந்து நிற்பது வரைக்கும்தான் அந்த 100 மணி நேரம். ஓட்டல் அறையில் திரையை இழுத்துவிட்டுப் பகலில் தூங்கப் பார்ப்பதெல்லாம் அதில் சேராது. நேரம் மாறினால் உடம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் விட்டுக்கொடுக்கும். அது சரியாவதற்குள் அடுத்த பயணம் வந்துவிடும்.

உன் பேரன் ரோஸ்டரை பிரிட்ஜில் ஒட்டி வண்ணம் தீட்டுகிறான். வீட்டில் இருக்கும் நாள் பச்சை, வெளியூரில் தங்கும் நாள் சிவப்பு, ஸ்டாண்ட்பை மஞ்சள். யாராவது வர முடியாமல் போனால் கூப்பிடுவார்கள், சொன்ன நேரத்துக்குள் ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும், அதுதான் ஸ்டாண்ட்பை. "சிவப்புகூடப் பரவாயில்லம்மா, மஞ்சள்தான் பிடிக்கல" என்றான் போன வாரம். வீட்டில்தானேடா இருக்கிறேன் என்றேன். "இருக்க, ஆனா போனையே பார்த்துட்டு இருக்க."

எட்டு வயது அவனுக்கு.

போன மாதம் ஒருநாள் இரவு முழுக்க அவனுக்குக் காய்ச்சல். உன் மாப்பிள்ளை ஊரில் இல்லை. விடிகாலையில் போன் செய்து, தூங்கவில்லை, ஓட்டும் நிலையில் இல்லை என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை, சட்டமும் அதுதான். ஆனாலும் கை நடுங்கியது. புதிதாக வந்தவள் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ? யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பதிலாக யாரோ போனார். அன்று அவர் வீட்டில் மஞ்சள் கட்டமாக இருந்திருக்கும்.

சில நாள் கழித்து என் மஞ்சளில் கூப்பிட்டார்கள். அன்று மாலை அவன் பள்ளியில் நாடகம். போனேன். மாப்பிள்ளை வீடியோ எடுத்து அனுப்பினார், பாதி நேரம் முன்வரிசைக்காரரின் தலைதான் தெரிகிறது.

சரி, நீ கேட்ட தேதி. நேற்றுதான் லீவுக்குப் பதில் வந்தது: பிப்ரவரி 6 முதல் 17 வரை, 12 நாள். வேறு யாரும் கேட்காத மாதம் போலிருக்கிறது. அவனுக்குப் பள்ளி இருப்பதால் நான் மட்டும்தான் வருவேன். உன் காலண்டரில் பச்சையாகக் குறித்துக்கொள்.

அன்புடன்,
உன் மகள்