அக்காவுக்கு, அரிசோனா பாலைவனத்திலிருந்து

குவார்ட்ஸைட், அரிசோனா
9 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

கர்த்தருடைய கிருபையால் நல்ல சுகமாயிருக்கிறேன். உங்கள் சுகத்துக்காகத் தினமும் ஜெபித்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமைதான் கைக்குக் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே போட்டிருக்கிறாய். அது சவுத் டகோட்டாவில் இருக்கிற என் தபால் முகவரிக்குப் போய், அங்கிருந்து இந்த ஊர்த் தபால் நிலையத்துக்கு வந்து எனக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. என்னைப்போல் வண்டியையே வீடாக்கிக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு இங்கே நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. பெயருக்குக் கீழே 'ஜெனரல் டெலிவரி' என்று எழுதி ஊரின் பின்கோடு போட்டால் போதும், தபால் நிலையத்திலேயே வைத்திருந்து அடையாள அட்டையைப் பார்த்துக் கொடுப்பார்கள். வண்டிக்கு வரும்வரை பொறுக்க முடியாமல் அங்கேயே சுவரோரமாக நின்று இரண்டு முறை படித்துவிட்டேன்.

"சொந்தமாக ஒரு வாசல் இல்லாமல் எப்படியடி இருக்கிறாய், கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?" என்று எழுதியிருக்கிறாய். தங்கச்சி வாசலைக் கூடவே கொண்டுபோகிறாள் என்று சொல். அவர் போன பிறகு ஹூஸ்டன் வீட்டை விற்றது அவசரப்பட்டு எடுத்த முடிவு அல்ல. நான்கு படுக்கையறை, இரண்டு கார் நிறுத்தும் இடம், அதற்குரிய வரி, காப்பீடு. ஒருத்திக்கு அது எதற்கு? ஆஸ்பத்திரிக் கணக்கையெல்லாம் தீர்த்தபின் கையில் இருந்ததில் இந்த வண்டியை வாங்கினேன். 24 அடி நீளம். கட்டில், மூன்று அடுப்பு, சமையல் வாயுவிலேயே ஓடுகிற குளிர்சாதனப் பெட்டி, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கூரையில் சூரியத் தகடுகள் வைத்திருப்பதால் விளக்குக்கும் போனுக்கும் குறைவில்லை.

நான் இருக்கிற இடம் மத்திய அரசின் நிலம். லா போசா என்று பெயர். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரு பருவம். பருவம் முழுவதற்கும் 180 டாலர்தான். மற்ற இடங்களில் அரசு நிலத்தில் பொதுவாக 14 நாளுக்கு மேல் தங்கவிடமாட்டார்கள், இங்கே மட்டும் இப்படி. குளிர் தாங்காமல் வடக்கேயிருந்தும் கனடாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்குகிறார்கள். ஜனவரியில் ஊரே வண்டிக் கூட்டம். பகலில் நம் மார்கழி வெயில்போல இதமாக இருக்கும். பொழுது சாய்ந்தால் குளிர் எலும்பைப் பிடிக்கும்.

தனியாக இருக்கிறேனோ என்று கவலைப்படாதே. பக்கத்து வண்டிக்காரர் கனடாவில் கோதுமை விவசாயம் செய்தவர், எண்பதைத் தாண்டியவர். விடிந்ததும் விடியாததுமாக ஒரு வாரியை எடுத்துத் தன் வண்டியைச் சுற்றியுள்ள சரளை மண்ணை வாரிக் கோடு கோடாக ஆக்கிவிட்டுத்தான் காபி குடிப்பார். சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை அதே சரளை, அதே முட்செடி. அவர் வாரியது எது, வாராதது எது என்று வருகிறவர்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் ஒரு நாள் தவறமாட்டார். அந்தக் கோடுகளை யாரும் மிதித்தால் பேசமாட்டார், திரும்ப வாரியை எடுப்பார். என் வண்டிப் படிக்கட்டு வரைக்கும் அவரே வாரிவிடுகிறார். சாயங்காலம் கதவைத் தட்டி, "இரவு காற்று பலமாக இருக்கும், பந்தலைச் சுருட்டிவிடுங்கள்" என்பார். வேறொரு வார்த்தை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் வட்டமாக உட்கார்ந்து ஜெபிக்கிறோம். அவர் தன் நாற்காலியோடு வந்து உட்கார்ந்து, ஆமென் சொல்லிவிட்டு நாற்காலியோடு போய்விடுவார்.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டாய். சோறுதான், குழம்புதான். இட்லி மாவு மட்டும் குளிரில் பொங்க அடம்பிடிக்கும். காலையில் பாத்திரத்தை மூடி ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் கண்ணாடியோரம் வைத்துவிடுவேன். அங்கே வெயில் நேராக விழும். மூன்று நான்கு மணிக்கெல்லாம் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கோடையில் வயோமிங் மலையில் வேறு பாடு. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, குக்கர் இல்லாவிட்டால் பருப்பு வேகாது. கரடிகள் நடமாடும் காடு என்பதால் அங்கே கருவாடு பொரிக்க முடியாது. சாப்பாட்டுப் பொருளை வெளியே விடக்கூடாது, இரும்புப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும் என்று கண்டிப்பு. அதனால் மழைக்காலத்துக்கென்று நீ கொடுத்தனுப்பிய நெத்திலியை இந்தப் பாலைவனத்தில்தான் வறுத்தேன். கறிவேப்பிலைச் செடியை ஹூஸ்டனிலேயே ஒரு குஜராத்தி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கிற பூச்சி அதில் ஏறுமாம். மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

கோடை வேலையைப் பற்றி அத்தான் கேட்டிருந்தார். முகாம் பொறுப்பாளர் என்று பெயர். பிரிட்ஜர்-டீட்டன் தேசிய வனத்தில் ஆட்கள் கூடாரம் போடுகிற இடத்தைக் கவனித்துக்கொள்கிறேன். தங்குகிற இடம் இலவசம், கொஞ்சம் சம்பளமும் உண்டு. வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, அடுப்புக் குழிகளில் சாம்பல் அள்ளுவது, கழிப்பறைகளைச் சுத்தம் செய்வது ஆகியவையே வேலை. கழிப்பறைகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. கீழே மூடிய பெரிய தொட்டி, அது நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். மற்றதெல்லாம் என் கை, ஒரு பிரஷ், ஒரு வாளி.

அக்கா, இதை உன்னிடம் சொல்லத்தான் வேண்டும். என் வண்டியிலும் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது. நிறைந்தால் கையுறை போட்டுக்கொண்டு, பருமனான குழாயை மாட்டி, மதகை இழுத்து நானேதான் கொட்ட வேண்டும். முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறக்க வேண்டும், பிறகு குளித்த நீரைத் திறந்து அதே குழாயைக் கழுவ வேண்டும். முறை மாறினால் நாற்றம் போகாது. முதன்முதலில் குழாயை மாட்டிக் குனிந்தபோது நம் வீட்டுப் பின்வாசல் எனக்கு முன்னால் வந்து நின்றது. அந்த எடுப்புக் கக்கூஸ், சின்ன மரக்கதவு, சாம்பல் போட்ட தகரத்தோடு காலையில் வந்து மலத்தைக் கையால் அள்ளிக்கொண்டு போகிற அந்த அம்மாள். நாம் பள்ளிக்கூடம் போகிற நேரமும் அவர் வருகிற நேரமும் ஒன்றுதான். அம்மா தூரத்தில் நின்று சோறு போடுவாள். அப்பா கோயிலில் வேதபாடம் வாசிக்கிறவர். ஆனாலும் அவர் எந்தத் தெரு, எத்தனை பிள்ளைகள், என்ன பெயர் என்று நம் வீட்டில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலத்தையும் மூத்திரத்தையும் எடுத்திருக்கிறேன். அது நர்ஸ் வேலை என்று மரியாதையோடு எடுத்தேன். அவருக்கு அந்த மரியாதையை யார் கொடுத்தார்கள்? கிறிஸ்து இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவியதை ஒவ்வொரு பெரிய வியாழனும் கேட்டே வளர்ந்தோம். கேட்டதை இந்த வயதில்தான் என் கை படித்தது. கனகம் பெரியம்மா உயிரோடும் நினைவோடும் இருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அவரிடம் அந்த அம்மாளின் பெயரைக் கேட்டு எழுது. பேரன் பேத்தி யாராவது ஊரில் இருக்கிறார்களா என்றும் கேள். பெயர் தெரியாமல் ஜெபிக்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இங்கே எல்லாமே அளவுதான். நல்ல தண்ணீர்த் தொட்டி 40 காலன், சுமார் 150 லிட்டர். குளிக்கும்போது நனைத்துக்கொண்டதும் குழாயை மூடி, சோப்புப் போட்டபின் திறப்பது பழகிவிட்டது. மேகமூட்டமான நாளில் மின்சாரம் பார்த்துத்தான் மிக்ஸி ஓடும். ஹூஸ்டனில் இருந்தபோது நான் ஜெபிப்பது பெரும்பாலும் அடுத்த வருஷத்துக்கும் அதற்கடுத்த வருஷத்துக்கும்தான். இப்போது இன்றைக்குக் கேட்கிறேன், இன்றைக்குக் கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன். விசுவாசம் இப்படி எளிதாகும் என்று நான் நினைத்ததில்லை.

கோயிலுக்குப் போகிறாயா என்று நம் போதகரின் மனைவி ஐயரம்மா கேட்டதாக எழுதியிருக்கிறாய். போகிறேன் என்று சொல். கோடையில் டீட்டன் மலைகளுக்குக் கீழே மரத்தடிகளால் கட்டிய சின்னக் கோயில் ஒன்றுக்குப் போவேன். 1925-இல் கட்டியது, மறுரூபக் கோயில் என்று பெயர். எபிஸ்கோப்பல் சபையாருடையது. நம் தென்னிந்தியத் திருச்சபையோடு ஐக்கியத்தில் இருக்கிற சபை என்பதால் நற்கருணை வாங்கத் தயக்கமே இல்லை. பலிபீடத்துக்குப் பின்னால் பெரிய ஜன்னல். அதில் வண்ணக் கண்ணாடி ஒன்றும் கிடையாது. பனி மூடிய சிகரங்கள் அப்படியே தெரியும். பாட்டு ஆங்கிலத்தில் இருந்தாலும் ராகம் நம் கோயிலில் பாடுகிற ராகமாக வந்துவிட்டால் நான் தமிழில்தான் பாடுகிறேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இலையுதிர் காலத்தில் வடக்கு டகோட்டாவில் சர்க்கரை பீட் அறுவடைக்கும் போனேன். பன்னிரண்டு மணி நேர வேலை, நான் இரவுப் பங்கு. மழை பெய்தாலும், நிலம் உறைந்தாலும், வெயில் கூடிக் கிழங்கு சூடானாலும் வேலையை நிறுத்திவிடுவார்கள். உடம்புக்கு நல்லதாகவே இருந்தது, வேறொன்றுமில்லை.

இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கூம்புக் கல்லறை இருக்கிறது. உச்சியில் ஒட்டகப் பொம்மை. 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை வரவழைத்தபோது, அவற்றை ஓட்டுவதற்கென்று துருக்கிய சுல்தானின் நாட்டிலிருந்து வந்தவர், ஹாஜி அலி. இந்த வாய்களுக்கு அது நுழையாமல் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது. ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது, அவர் திரும்பிப் போகவில்லை. 1902-இல் இங்கேயே இறந்தார். நேற்று அந்தப் பக்கம் நடந்துபோனவள் கல்லறைக்கு எதிரே வெகுநேரம் நின்றுவிட்டேன். இந்த மனிதருக்குக் கடைசி நாட்களில் எந்த மொழியில் கனவு வந்திருக்கும் என்று தோன்றியது. அப்புறம் என்னென்னவோ வந்துவிட்டது அக்கா. இது பனையேற்றம் தொடங்குகிற மாதம். அப்பா நம் பனை விளையிலிருந்து வரும்போது ஓலைப் பட்டையில் கொண்டுவருகிற பதநீர், அதைக் கூப்பனிப் பாகாகக் காய்ச்சுகிற புகை, கோயில் அசன விருந்துக்கு முந்தின இரவு முழுக்க நாமெல்லாம் உட்கார்ந்து காய்கறி அரிந்தது, விடியற்காலம் கோயில் மணி. நீ அனுப்பிய உடன்குடிக் கருப்பட்டியில் கடைசித் துண்டு டப்பாவில் இருக்கிறது. அதைச் சுக்குக் காபியில் போடவும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. உன் மடியில் தலைவைத்து ஒரு மத்தியானம் தூங்க வேண்டும்.

சரி, காரியத்துக்கு வருகிறேன்.

வீட்டை இடித்துவிட்டு முன்பக்கம் கடைகள் கட்டலாம் என்று தம்பி சொல்வதற்கு எனக்குச் சம்மதமில்லை. நீயும் அத்தானும் இருக்கும்வரை அந்த வீட்டில் கை வைக்கக்கூடாது. பெண்களுக்குச் சீர் செய்தாயிற்று, இனிப் பங்கு இல்லை என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்போல. நமக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். அதில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. இதைச் சண்டையாகச் சொல்லாமல் அத்தானே நிதானமாகச் சொல்லட்டும். தம்பி கெட்டவன் அல்ல. வீட்டில் என் பங்கை உன் பெயருக்கே விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறேன். விளையில் என் பங்கான 30 சென்ட்டைத் தம்பியே வாங்கிக்கொள்வதானால் வாங்கிக்கொள்ளட்டும், வெளியாருக்குப் போகவேண்டாம். அவசரம் ஒன்றுமில்லை. ஏப்ரல் நடுவில் நான் இங்கிருந்து கிளம்ப வேண்டும், வண்டியின் ஆறு டயரையும் அதற்குமுன் மாற்றியாக வேண்டும். தேய்ந்திருக்காவிட்டாலும் ஆறேழு வருஷமானால் ரப்பரை நம்பி மலையேற முடியாது. அதற்குள் முடிந்தால் நல்லது, அவ்வளவுதான்.

இரண்டுக்கும் அத்தான் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதி, இங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு, ஃபீனிக்ஸில் மாநிலச் செயலர் அலுவலகத்தில், வெளிநாட்டில் செல்லுவதற்கான அப்போஸ்டில் முத்திரை வாங்கிக் கூரியரில் அனுப்புகிறேன். கைக்கு வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், அத்தான் மறக்கவேண்டாம்.

கிருபா கல்யாணத்துக்கு நான் வர இயலாது. மே மாதம் முகாம் திறக்கிற நேரம், மாற்று ஆள் கிடைக்கமாட்டார். அவளிடம் நானே பேசுகிறேன். சித்தி போடுவதாகச் சொன்ன ஐந்து பவுனில் மாற்றமில்லை. கடையில் புதிதாக எடுப்பதைவிட என் சங்கிலியையும் இரண்டு வளையலையும் போடுவதுதான் எனக்கு ஆசை. இந்த வாழ்க்கையில் எனக்கு நகை எதற்கு? மார்ச்சில் ஊருக்கு வருகிற ரத்னா மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். அழித்து அவளுக்குப் பிடித்தபடி செய்துகொள்ளட்டும்.

சாமு வேலை மாறுகிற சமயத்தில் இருக்கிறான். கொஞ்ச நாளைக்கு யாரும் போன் செய்து அவனிடம் வேலையைப் பற்றிக் கேட்கவேண்டாம்.

ஈஸ்டருக்கு முன் அப்பா அம்மா கல்லறைக்கு வெள்ளையடிக்கக் கோயில்பிள்ளையிடம் சொல். கூலியைத் தம்பி கொடுக்கட்டும், அவனுக்கும் அது திருப்தியாக இருக்கும். அத்தான் சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டுக் கஷாயம் குடிப்பதாக எழுதியிருக்கிறாய். கஷாயம் குடிக்கட்டும், மாத்திரையை விடக்கூடாது. மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை எடுத்து அந்தச் சீட்டை எனக்கு அனுப்பு.

விளைக்குப் பட்டாவிலும் வில்லங்கச் சான்றிலும் சர்வே எண் ஒன்றாக இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லி, நான்கு எல்லையோடும் உன் கையாலேயே தெளிவாக எழுதி அனுப்பு. அது வந்த பிறகுதான் பவர் பத்திரம் தட்டச்சுக்குப் போகும்.

உன் அன்புத் தங்கை,
எஸ்தர்