கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு, பூம் பிடிக்கப் போகுமுன்

அன்புள்ள தம்பி,

கொல்லங்கோட்டில் மலையாளப் படம், சிங்க் சவுண்ட் (நடிக்கும்போதே குரலைப் பதிவது), நீளக் குச்சியில் மைக் பிடிக்கும் பூம் ஆபரேட்டர் வேலை. சந்தோஷம். எந்த மைக் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் வாங்காதே, மைக்கை சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் கொண்டுவருவார். நீ செய்ய வேண்டியது, லொக்கேஷன் பார்க்கப் போகும் வண்டியில் கெஞ்சியாவது ஏறிக்கொள்வது. நம் பக்கத்தில் சவுண்டைக் கெடுப்பது காற்று. ஷூட்டிங் அன்று அதை ஒன்றும் செய்ய முடியாது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலம் முழுக்க மேற்கிலிருந்து அடிக்கும். விருச்சிகக் காற்று, அதாவது நம் கார்த்திகையில் தொடங்குவது, கிழக்கிலிருந்து வரும். ஜெனரேட்டரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்யணும். காற்று செட்டைக் கடந்து போகும் திசையில் வண்டி நிற்க வேண்டும்: ஜூலையில் கிழக்கே, டிசம்பரில் மேற்கே. குறைந்தது 100 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் செட்டுக்கு முதுகு காட்டி. "அவ்வளவு கேபிள் இல்லை" என்பார்கள். அதனால்தான் புரொடக்ஷன் கன்ட்ரோலரிடம் லொக்கேஷன் பார்க்கும் அன்றே சொல்லி வைக்கச் சொல்கிறேன். வயல்வெளியில் மறைக்கச் சுவர் கிடைக்காது. காஸ்ட்யூம் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினால் ஓரளவு அடங்கும்.

அடுத்தது பனை. கேமராமேனுக்குக் கரிம்பனை வரிசை என்றால் உயிர். மைக்கில் அடிக்கும் காற்று அடித்தொனியில் கடகடவென்று விழும். மைக்கைச் சுற்றி ஜெப்பலின் என்ற காற்றுத்தடுப்புக் கூண்டும் அதன்மேல் ரோம உறையும் போட்டு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பெரும்பாலும் போய்விடும். பனையோலைச் சலசலப்பு அப்படியல்ல. அது பேச்சு இருக்கும் அலைவரிசையிலேயே உட்கார்ந்திருப்பதால், அதை வெட்டினால் வசனத்தில் ச, த எல்லாம் சேர்ந்து போகும். பனை ஃப்ரேமில் தூரத்தில் நிற்கட்டும், நடிகர் அதன் அடியில் நின்று பேச வேண்டாம் என்று ரெக்கார்டிஸ்ட் வழியாக இயக்குநர் காதில் போடு. பொள்ளாச்சி ரயில் எப்போது வரும், கோயில் ஸ்பீக்கர் எப்போது பாடும் என்பதையும் அன்றே குறித்துக்கொள். மயில் மட்டும் யாருக்கும் கட்டுப்படாது, அது கத்தி முடிக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

ரோம உறை மழையில் நனைந்தால் முடி ஒட்டிக்கொண்டு காற்றைத் தடுக்காது. உதறி, சீப்பால் வாரிவிடு. சாதாரண கன்டென்சர் மைக் ஈரப்பதத்தில் படபடவென்று பொரியும். சென்ஹைசர் 416 போன்றவை தாங்கும், கேரளத்து யூனிட்டுகளில் அதற்கு மவுசு இருப்பதில் ஆச்சரியமில்லை.

இனி உன் கை வேலை. ரிகர்சலில் மைக்கை வேண்டுமென்றே ஃப்ரேமுக்குள் இறக்கி, "அவுட்" என்று கேமரா பக்கமிருந்து குரல் வரும்வரை மெல்லத் தூக்கு. அந்த உயரத்தைப் பின்னால் உள்ள மரத்தையோ ஜன்னலையோ வைத்து மனதில் குறி. வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு அடி என்றால் நல்லது. தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் இறங்கும், சுற்றுச் சத்தம் அப்படியே நிற்கும். மைக்கின் மூக்கு நெஞ்சைப் பார்க்கட்டும். மெயின் லைட் இருக்கும் பக்கம் நிற்காதே, பூமின் நிழல் நடிகர் முகத்திலேயே விழும். மோதிரத்தைக் கழற்றிவிடு, குச்சியில் பட்டால் கேட்கும். இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவரின் கடைசிச் சொல்லிலேயே மைக் அடுத்தவரை நோக்கித் திரும்பத் தொடங்கணும். அதற்கு வசனம் மனப்பாடமாக வேண்டும். சென்னையிலிருந்து வருகிறவன் இங்கேதான் திணறுவான். உனக்கு இரண்டு மொழியும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

லேப்பல் மைக், அதாவது சட்டைக்குள் ஒளித்து ஒட்டும் குட்டி மைக், வைப்பது தனிக் கலை. மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சு நடுவில். துணி டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வருமாறு முக்கோணமாக மடித்து இரண்டு செய். மைக்கை நடுவில் வைத்து, ஒன்று தோலிலும் மற்றது சட்டையிலும் ஒட்டினால் உரசல் நிற்கும். கஞ்சி போட்ட வேட்டி சட்டையும் பாலியஸ்டரும் எதிரிகள். காஸ்ட்யூமரிடம் முந்தின நாளே பேசு. தாலிச்சங்கிலி மைக்கில் தட்டும், நடிகையிடம் கேட்டு உள்பக்கம் சின்ன டேப் போடச் சொல். பெண்களுக்கு மைக் வைக்கும்போது எங்கே கை படும் என்று முன்கூட்டியே சொல், முடிந்தால் காஸ்ட்யூம் அக்காவை வைக்கச் சொல். அந்த மைக்கின் சத்தத்தை ரெக்கார்டருக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் வியர்வையில் செத்துப்போகாமல் இருக்க எண்ணெய்ப்பசை இல்லாத ஆணுறைக்குள் போட்டுக் கட்டுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் டஜன் கணக்கில் கேட்கும்போது கூச்சப்படாதே.

கேமரா விநாடிக்கு 23.976 ஃப்ரேமிலும் ரெக்கார்டர் 24-லும் ஓடினால், படத்தையும் சத்தத்தையும் பொருத்த உதவும் நேரக்குறியான டைம்கோட் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை ஃப்ரேம் விலகும். காலையில் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை சரிபார்க்கச் சொல்லி ரெக்கார்டிஸ்டுக்கு நினைவூட்டு. பேட்டரியையும் அப்போதே மாற்றிவிடு.

ரயிலோ காற்றோ ஒரு டேக்கைக் கெடுத்துவிட்டால், நடிகர் நாற்காலிக்குப் போகுமுன் கேமரா இல்லாமல் அதே வசனத்தைச் சொல்லச் சொல்லி எடுப்பார்கள். அது வைல்டு ட்ராக். வேகமும் மூச்சும் அப்படியே இருக்கும். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டால் அது வராது. காட்சி முடிந்ததும் யாரும் நகராமல் அரை நிமிஷம் அறையின் சும்மாச் சத்தத்தையும் எடுக்க வேண்டும். அசிஸ்டென்ட் டைரக்டர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும், எடிட்டர் வாழ்த்துவார்.

பேட்டா எவ்வளவு, தினமும் கையிலா வாரக் கடைசியிலா, வண்டிக்கூலி தனியா என்று போகுமுன் கேள். சங்க உறுப்பினர் கார்டு விஷயம் கேரளத்தில் ஃபெஃப்கா என்ற சினிமாத் தொழிலாளர் கூட்டமைப்பின் கீழுள்ள சங்கங்களிடம், சென்னையில் ஃபெப்சியிடம். உன் நிலைமைக்கு எது என்று ரெக்கார்டிஸ்டிடமே கேட்டுக்கொள், முதல் ஷெட்யூல் தொடங்குமுன்.

அன்புடன்,
அண்ணன்